தானே புயல் இரவு: ஒரே வீட்டில் மூன்று விதமான ஞாபகம். நினைவு எப்படித்தான் வேலை செய்கிறது?

கெடிலக்கரை (கடலூர், திருப்பாதிரிப்புலியூர்)

எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடியிருந்தபோது, 2011 டிசம்பரில் அடித்த 'தானே' புயல் பற்றிப் பேச்சு வந்தது. பேச்சு வாக்குவாதமாகி, கடைசியில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்பா சொல்வது: நள்ளிரவில் காற்று உச்சத்துக்கு வந்தது, விடிவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது, வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அம்மா சொல்வது: விடிந்த பிறகும் காற்று ஓயவில்லை, ஓடு பறந்ததே வெளிச்சம் வந்த பிறகுதான், தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, தண்ணீர் வந்தது 2015 மழையில். தம்பி இவர்களுக்கும் ஒரு படி மேலே. தோட்டத்து வேப்பமரம் முறிந்து விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்தேன் என்கிறான். அவன் அன்றைக்கு ஓசூரில் வேலையில் இருந்தான். ரோடெல்லாம் சரியான பிறகுதான் ஊருக்கே வந்தான். இதைச் சொன்னால் சாமி மேல் சத்தியம் செய்கிறான்.

வானிலைத் துறையின் பதிவைத் தேடிப் பார்த்தேன். 2011 டிசம்பர் 30 காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில்தான் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்திருக்கிறது. நேரத்தைப் பொறுத்தவரை அம்மா சொல்வதுதான் பொருந்துகிறது.

என் கவலை இதுதான். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இது மறதி நோயின் தொடக்கமா? பென்ஷன் கணக்கு, மின்கட்டணம், கல்யாண மொய் நோட்டு எல்லாம் இன்றைக்கும் அவர்தான் பார்க்கிறார், ஒன்றும் தப்பவில்லை. தம்பிக்கோ நாற்பதுகூட ஆகவில்லை. யாரும் வேண்டுமென்று பொய் சொல்கிறவர்கள் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும்.

லாஸ்பேட்டைக் கயல் (புதுச்சேரி)

அண்ணா, நான் நரம்பியல் ஆராய்ச்சி மாணவி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்பாவுக்கு நோய் என்று சொல்ல எதுவும் இல்லை. நல்ல மூளை இப்படித்தான் நினைவு வைத்துக்கொள்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது சரியாகப் புரியாததால் பல வீடுகளில் வீண் மனஸ்தாபம் வருகிறது.

ஒரு சம்பவம் நடக்கும்போது பார்த்தது, கேட்டது, பயந்தது எல்லாம் மூளையில் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதில்லை. காட்சி ஒரு பகுதியில், சத்தம் ஒரு பகுதியில், பயம் அமிக்டலா என்ற இன்னொரு பகுதியில். இவற்றை ஒரே சம்பவமாகச் சேர்த்துக் கட்டுவது காதுக்கு நேர் உள்ளே இரண்டு பக்கமும் இருக்கும் ஹிப்போகாம்பஸ். இது எவ்வளவு முக்கியம் என்று உலகத்துக்குத் தெரிந்தது ஒரு மனிதரின் துயரத்தால். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு கட்டுப்படவே இல்லை. 1953இல், அவருக்கு 27 வயதில், இரண்டு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் சுற்றியிருந்த பகுதிகளையும் அறுவை செய்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு 2008இல் இறக்கும் வரை புதிதாக நடந்த எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. இப்போது பேசிக்கொண்டிருந்த மருத்துவர் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால் புது ஆள் என்று நினைப்பார். சிறு வயது ஞாபகங்கள் மட்டும் பெருமளவு இருந்தன.

பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கையை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டின்மேல் வரைய வேண்டும். நாளுக்கு நாள் அவர் கை நன்றாகத் தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை இதற்கு முன் செய்ததே இல்லை என்றார். சைக்கிள் ஓட்டுவது, வலை பின்னுவது, கோலம் போடுவது மாதிரியான கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு வழி இருக்கிறது என்பது இதிலிருந்துதான் உறுதியானது. எனக்கு இந்தத் துறையில் மரியாதை வந்ததே மொலைசனின் கதையைப் படித்துத்தான். ஐம்பது வருஷத்துக்கு மேல் அவர் பொறுமையாக ஒத்துழைத்ததில் நாம் கற்றுக்கொண்டது ஏராளம்.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். நினைவுகூர்வது என்றால் சிதறிக் கிடக்கும் துண்டுகளை மூளை மறுபடி சேர்ப்பது. வாசலில் தினமும் போடும் கோலத்தை யோசித்துப் பாருங்கள். நேற்றைய கோலம் காற்றிலும் காலடியிலும் கலைந்திருக்கும். இன்றைக்கு அதே புள்ளி, அதே இழை என்று நினைத்துத்தான் கை போடுகிறது. எங்கோ ஒரு வளைவு மாறியிருந்தாலும் நாளைக்கு அந்த மாறிய வளைவுதான் கைக்கு வரும்.

இது என் கற்பனை இல்லை. 2000ஆம் ஆண்டு நியூயார்க்கில் கரீம் நாடர் குழு எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தது. ஒரு சத்தம் கேட்டதும் சின்ன ஷாக். எலி அந்தச் சத்தத்துக்குப் பயப்படக் கற்றுக்கொண்டது. பிறகு ஒரு நாள் சத்தத்தை மட்டும் கேட்கவைத்து, உடனே அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். அந்தப் பயம் பெருமளவு போய்விட்டது. சத்தத்தைக் கேட்கவைக்காமல் மருந்து மட்டும் கொடுத்த எலிகளுக்குப் பயம் அப்படியே இருந்தது. அதாவது நினைவை வெளியே எடுக்கும்போது அது கொஞ்ச நேரம் இளகுகிறது, மறுபடி இறுகப் புதிதாகப் புரதம் வேண்டியிருக்கிறது. இளகியிருக்கும் அந்த நேரத்தில் புது விவரம் உள்ளே நுழைய இடம் இருக்கிறது.

அப்பா 'தானே' புயல் கதையை இத்தனை வருஷமாகப் பலரிடம் சொல்லியிருப்பார். நடுவில் 2015 வெள்ளமும் வந்தது. இரண்டுமே மழைக்காலத்தை ஒட்டிய நிகழ்வு, அதே வீடு, அதே இருட்டு, அதே பயம். எந்தத் துண்டு எந்தச் சம்பவத்தைச் சேர்ந்தது என்பதைக் குறித்துக்கொள்வதில் மூளை ரொம்பவே பலவீனம். தண்ணீர் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஓ.டி. துறைமுகம் (கடலூர் பழைய டவுன்)

கயல் சொல்வதை நான் முழுசாக ஏற்கவில்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. நான் எங்கே நின்றேன், யார் என் கையைப் பிடித்து இழுத்தார்கள், கடல் எப்படிச் சத்தம் போட்டது, எல்லாம் இன்றைக்கும் அப்படியே தெரிகிறது. தேவனாம்பட்டினத்தில் எங்கள் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்திருக்கிறோம். அந்த நாளை என் மூளை தினமும் மாற்றி மாற்றி வரைகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் மனசு ஒப்பவில்லை. புயல் வருஷா வருஷம் வரும், குழம்பலாம். சுனாமி ஒரு தரம்தான் வந்தது.

லாஸ்பேட்டைக் கயல்

ஐயா, உங்கள் இழப்புக்கு முன்னால் நான் கவனமாகத்தான் பேச வேண்டும். நீங்கள் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. பயமோ அதிர்ச்சியோ வரும்போது அட்ரினலின் முதலான ஹார்மோன்கள் சுரக்கின்றன, அமிக்டலா விழித்துக்கொண்டு ஹிப்போகாம்பஸைத் தூண்டுகிறது, அந்த நேரத்து நினைவு மற்ற நாள்களைவிட ஆழமாகப் பதிகிறது. ஜேம்ஸ் மெக்கா என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் பல பத்தாண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். சுனாமி அன்று நீங்கள் அங்கே இருந்தீர்கள், யாரை இழந்தீர்கள் என்பது மாறாது.

சந்தேகம் வர வேண்டியது ஓரத்தில் இருக்கும் விவரங்களில். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டாய், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எழுதி வாங்கிக்கொண்டார். ஏறக்குறைய இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்டபோது எல்லாம் ஒத்துப்போனது 3 பேருக்கு மட்டும். நாலில் ஒரு பங்குப் பேருக்கு ஒரு முக்கிய விவரம்கூடப் பொருந்தவில்லை. ஆனால் அவர்களுக்கு இருந்த உறுதி குறையவே இல்லை. சிலரிடம் அவர்கள் கையெழுத்திலேயே இருந்த பழைய தாளைக் காட்டியபோதும், இப்போது ஞாபகம் இருப்பதுதான் சரி என்றார்கள்.

இவர்கள் செய்தியைக் கேட்டவர்கள், நீங்கள் சம்பவத்தில் நின்றவர். அந்த வித்தியாசம் பெரிது. உயிர் பிழைத்தவர்களின் மைய நினைவு நன்றாக நிற்கும். எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்றுதான் சொல்கிறேன்.

ஓ.டி. துறைமுகம்

சரி, அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். என் அண்ணன் மகன் இரண்டு அலை என்கிறான், நான் மூன்று என்கிறேன். இதற்காக நாங்கள் சண்டை போட்டதும் உண்டு. நடு விஷயத்தில் எங்களுக்குள் பேதமே இல்லை.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

கெடிலக்கரையின் தம்பி விஷயம்தான் எனக்கு வியப்பு. ஊரிலேயே இல்லாதவர் எப்படி மரம் விழுந்ததைப் பார்க்க முடியும்? அதை யாரும் விளக்கவில்லையே.

லாஸ்பேட்டைக் கயல்

அதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1974இல் கார் விபத்துப் படம் ஒன்றைப் பார்க்கவைத்துக் கேள்வி கேட்டார். ஒரு குழுவிடம் கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும், இன்னொரு குழுவிடம் "இடித்தபோது" என்ன வேகம் என்றும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. நொறுங்கியது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், இடித்தது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

இன்னொன்று உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும். 1995இல் அதே லாஃப்டஸ், சின்ன வயதில் கடைவீதி வளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு கட்டுக்கதையை, வீட்டார் சொன்ன உண்மைச் சம்பவங்களோடு சேர்த்து 24 பேருக்குக் கொடுத்தார். ஏறக்குறைய நாலில் ஒருவர் அதையும் பாதியோ முழுதோ ஞாபகம் வருவதாகச் சொன்னார், சிலர் விவரமும் சேர்த்தார்கள்.

அந்தத் தம்பி ஊர் வந்தபோது விழுந்து கிடந்த மரத்தை நிச்சயம் பார்த்திருப்பார். விழுந்த கதையை அம்மா வாயால் கேட்டிருப்பார், கேட்கும்போதே மனசில் காட்சி ஓடியிருக்கும். வருஷங்கள் போனதும் காட்சி தங்கிவிட்டது, அது யார் கண்ணால் பார்த்தது என்ற குறிப்பு தொலைந்துவிட்டது. அவர் சத்தியம் செய்வது மனசாரத்தான். தயவுசெய்து அவரைப் பொய்யர் என்று சொல்ல வேண்டாம்.

நீதிமன்றத்தில் அடையாள அணிவகுப்பில் ஒருவரைக் காட்டி "இவர்தான்" என்று சொல்லும் நேர்மையான சாட்சிகூடத் தவறலாம் என்பதற்கும் காரணம் இதுதான். இதில் ஒரு மனிதனின் வாழ்க்கையே போய்விடும் என்பதால் நான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நெல்லிக்குப்பம் வாத்தியார்

நல்ல விவாதம். நான் மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறவன். மாணவர்கள் என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி, "சார், படிச்சது ஏன் நிக்க மாட்டேங்குது?" கயல் மாற்றத்தைப் பற்றிச் சொன்னார். நான் மங்குவதைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்பவர் தன்னையே சோதனை எலியாக்கிக்கொண்டார். அர்த்தமே இல்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார், சிறிது காலம் விட்டு மறுபடி அதே வரிசையைப் படிப்பார், இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிடுவார். 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாள் முடிவில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது. அதாவது முதலில் மடமடவென்று சரிந்து, அப்புறம் மெதுவாகிறது. எப்பிங்ஹாஸ் படித்தது அர்த்தமில்லாதது. அர்த்தம் புரிந்து படிப்பது இதைவிட நன்றாக நிற்கும் என்பது எங்கள் வகுப்பறையிலேயே தெரியும்.

என் ஆதங்கம் வேறு. பிள்ளைகள் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, கண்ணுக்குப் பழகியதைத் தெரிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பாடப்பகுதியை ஒரு குழுவை நாலு முறை வாசிக்கவைத்தார்கள். இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடிவைத்து ஞாபகத்திலிருந்து எழுதியது. ஐந்து நிமிஷத்தில் தேர்வு வைத்தால் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, திரும்ப வாசித்தவர்கள் 40 சதவீதமும், மூடிவைத்து எழுதியவர்கள் 61 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். முதல் நாள் இரவு முழுக்க வாசித்துவிட்டுக் காலையில் பரீட்சை எழுதுகிற பிள்ளை அன்றைக்குத் தப்பிக்கும், அடுத்த தேர்வில் அதே பாடம் புதிதாகத் தெரியும்.

பிளஸ் டூ பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர்களே, "படி படி" என்று விரட்டுவதைவிட, புத்தகத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு "என்ன படிச்சே, சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. மறுநாள் ஒரு தரம், அடுத்த வாரம் ஒரு தரம் கேளுங்கள். அப்புறம் பிள்ளையைத் தூங்க விடுங்கள். ஆழ்ந்த தூக்கத்தில்தான் மூளை பகலில் பதிந்ததை மறுபடி ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துகிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்புகிறவர்கள் பத்து மணிக்காவது படுக்கவைக்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் மளிகை

வல்லாரைக் கீரை வாரம் இரண்டு நாள் துவையல் அரைத்துக் கொடுங்கள். பாட்டி காலத்து வைத்தியம்.

நெல்லிக்குப்பம் வாத்தியார்

கீரை நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடட்டும். பரீட்சை நேரத்தில் ஞாபகசக்தி டானிக் என்று விற்பதை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அந்தக் காசில் இரவு விளக்கணைத்துத் தூங்கினாலே போதும்.

முத்தியால்பேட்டை

என் பாட்டிக்குத் தொண்ணூறை நெருங்குகிறது. காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியவில்லை. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய நாளில் யார் வீட்டில் பாயசம் வைத்தார்கள் என்பது வரை சொல்கிறார். கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள் என்றும் தப்பில்லாமல் சொல்கிறார். பழையது எப்படி நிற்கிறது, புதியது எப்படி நழுவுகிறது?

லாஸ்பேட்டைக் கயல்

பிரான்சில் தியோடூல் ரிபோ என்ற உளவியலாளர் 1881இலேயே இதைக் கவனித்து எழுதினார்: மூளை நோயில் புது நினைவுகள் முதலிலும் பழைய நினைவுகள் கடைசியிலும் போகின்றன. காரணம் இப்போது ஓரளவு தெரிகிறது. புது நினைவு முதலில் ஹிப்போகாம்பஸை நம்பி நிற்கிறது. மாதங்கள், வருஷங்கள் போகப் போக மூளையின் மேற்பட்டையில் இணைப்புகள் வலுப்பட்டு, ஹிப்போகாம்பஸ் இல்லாமலும் பெருமளவு நிற்கப் பழகுகிறது. மொலைசனுக்கு சிறு வயது ஞாபகம் அழியாமல் நின்றது இதனால்தான். அல்சைமர் என்ற மறதி நோயில் முதலில் அடிபடுவது ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதியும், அதனால் காலையில் சாப்பிட்ட இட்லி பதிவதே இல்லை.

பாட்டிக்கு அப்போது இளம்வயது இல்லையா? பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவை வயதானவர்களில் பெரும்பாலோருக்கு அதிகமாக நினைவில் நிற்கின்றன. முதல் வேலை, கல்யாணம், முதல் பிள்ளை எல்லாம் அந்தக் காலத்தில்தான் வருகின்றன.

170, 178 என்ற எண்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அவை 1954 அக்டோபர் 18 அன்று பாட்டி கேட்டதால் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் விடுதலை நாள் வரும்போது பேச்சிலும் பேப்பரிலும் அது வந்துகொண்டே இருக்கிறது. பாயசம் அவருடைய சொந்த ஞாபகம், எண்கள் ஊருடைய ஞாபகம். இரண்டும் மூளையில் வேறு வேறு வகை. முன்னதை நிகழ்வு நினைவு என்கிறோம், பின்னது பொது அறிவோடு சேர்ந்தது. பாயசக் கதையை முடிந்தால் இப்போதே போனில் பதிவு செய்து வையுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761 வரை அன்றாடம் நாட்குறிப்பு எழுதி வைத்ததால்தான் அந்தக் காலத்துப் புதுச்சேரி நமக்குக் கிடைத்தது. கடைசிக் காலத்தில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியிருந்தால் எத்தனை விவரம் தப்பியிருக்குமோ.

கெடிலக்கரை

கயல், ஒரு சந்தேகம். மறப்பது என்றால் மூளையில் என்ன நடக்கிறது? உள்ளே இருந்தது அழிகிறதா, இருக்கிறது ஆனால் எடுக்க முடியவில்லையா?

லாஸ்பேட்டைக் கயல்

இரண்டும் நடக்கிறது. முதலில், நாம் மறந்தோம் என்று நினைப்பதில் பல, பதிந்ததே இல்லை. சாவியை வைக்கும்போது மனசு வேறெங்கோ இருந்தால் அங்கே மறக்க ஒன்றுமே இல்லை. மனசில் ஒரே நேரத்தில் பிடித்து வைக்க முடிவது நாலைந்து விஷயங்கள்தான், கையில் போன் இருந்தால் அதுவும் குறையும்.

பதிந்தது எப்படி நிற்கிறது என்றால், இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸ் வலுப்படுவதால். 1973இல் பிளிஸ், லோமோ என்ற இருவர் முயலின் ஹிப்போகாம்பஸில் வேகமான மின்துடிப்பைக் கொடுத்து, இணைப்பு பல மணி நேரம் வலுவாகவே இருப்பதைக் காட்டினார்கள். எரிக் கேண்டல் ஒரு கடல் நத்தையை வைத்து, குறுகிய கால நினைவுக்கு, ஏற்கெனவே இருக்கும் இணைப்பின் வேதியியல் மாறினால் போதும், நீண்ட கால நினைவுக்குப் புதுப் புரதமும் புது இணைப்பும் வேண்டும் என்று கண்டுபிடித்து 2000இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பயன்படாத இணைப்பு தளர்கிறது. அது உண்மையான அழிவு.

எடுக்க முடியாமல் போவது வேறு கதை. ஒரே மாதிரி நினைவுகள் ஒன்றை ஒன்று மறைக்கின்றன. நேற்று வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதை முந்தாநாள் நிறுத்திய இடம் மறைக்கிறது. இடம், வாசனை, பாட்டு மாறினாலும் வழி அடைபடுகிறது. பல வருஷம் கழித்துப் பழைய பள்ளிக்கூடத்துப் படியேறியதும் கூடப் படித்தவர்களின் பெயர் வரிசையாக வருவது, அவை அழியவில்லை, வழி மட்டும் இல்லை என்பதைக் காட்டுகிறது.

அப்புறம் மூன்றாவது ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. மூளை வேலை செய்தே மறக்கிறது. 2014இல் டொராண்டோவில் செய்த ஆய்வில், எலிகள் ஒன்றைக் கற்ற பிறகு ஹிப்போகாம்பஸில் புது நரம்பணுக்கள் அதிகமாகப் பிறக்கும்படி செய்தால் பழைய நினைவு மங்கியது. குழந்தைகளுக்கு அந்தப் பிறப்பு வேகமாக நடக்கிறது. மூன்று வயதுக்கு முந்தைய எதுவும் நமக்குப் பெரிதாக நினைவில்லாமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். மறக்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். முன்னே சொன்ன ஜேம்ஸ் மெக்காவின் குழு 2006இல் விவரித்த ஓர் அமெரிக்கப் பெண்மணி, எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று என்ன கிழமை, என்ன நடந்தது என்று சொல்வார். அவர் அதை வரம் என்று சொல்லவில்லை, சுமை என்றார். பழைய துக்கமும் அவமானமும் அவருக்கு ஆறவே இல்லை.

வில்லியனூர் மருமகள்

எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் வீட்டு நிலைமை வேறு, யாராவது வழி சொல்லுங்கள். மாமியார் சில மாதங்களாகக் கேட்டதையே திரும்பக் கேட்கிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். போன வாரம் வழக்கமாகப் போகும் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். மாமனார் தவறிப் பல வருஷம் ஆகிறது, இன்னும் அவர் சாப்பிட வரவில்லையா என்று சாயங்காலம் கேட்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். முதலில் பார்த்த டாக்டர் வயசானால் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படித்தானா?

ஓய்வுபெற்ற செவிலி (கடலூர், புதுப்பாளையம்)

அப்படி இல்லை அம்மா. தெரிந்த ஆளின் பெயர் நாக்கு நுனியில் நின்று அப்புறம் வருவது வயதினால். பழகின வழி தெரியாமல் நிற்பது, அடுப்பை மறப்பது வயதினால் மட்டும் வருவதில்லை. இதை ஒரு நரம்பியல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஜிப்மர் இருக்கிறது, நரம்பியல் பிரிவில் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் அல்சைமர் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு, அவற்றை முதலில் பார்ப்பார்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை போதும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும், வாயுத் தொல்லைக்குத் தினமும் மாத்திரை போடுகிறவர்களுக்கும் அப்படித்தான், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் வாய்ப்பு அதிகம். சர்க்கரை அடிக்கடி இறங்கினாலும் குழப்பம் வரும். தூக்க மாத்திரை, சளிக்கு வாங்கிப் போடும் சில மாத்திரைகள் வயதானவர்களின் ஞாபகத்தைக் கெடுக்கும், அதனால் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடந்த மாதங்களில் கீழே விழுந்து தலையில் அடிபட்டதா என்று யோசித்துப் பாருங்கள். லேசான அடியாகத் தெரிந்தாலும் மூளையைச் சுற்றி மெதுவாக ரத்தம் கசிந்து வாரங்கள் கழித்துக் குழப்பம் வருவதை நான் வார்டில் பார்த்திருக்கிறேன், அது சி.டி. ஸ்கேனில் தெரியும். மனச்சோர்வும் மறதி மாதிரியே தெரியும். மாமனார் போன பிறகு அவர் பேச்சு குறைந்ததா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் சிறுநீர்த் தொற்றோ உப்புக் குறைவோ இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வில்லியனூர் மருமகள்

மிக்க நன்றி அக்கா. சளி மாத்திரை தினமும் போடுகிறார், அதை யாரும் கேட்டதே இல்லை. காதும் சரியாகக் கேட்கவில்லை. மாமனாரைப் பற்றிக் கேட்கும்போது என்ன பதில் சொல்வது? இறந்துவிட்டார் என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாக அழுகிறார்.

ஓய்வுபெற்ற செவிலி

ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டாம். அவருக்கு அது பழைய துக்கம் இல்லை, அப்போதுதான் கேட்கிற செய்தி. "மாமா ஞாபகம் வந்துடுச்சா அத்தை? அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று அவரைப் பற்றியே பேச விடுங்கள். பேசி முடித்ததும் பெரும்பாலும் அமைதியாகிவிடுவார்கள். சாயங்காலம் இருட்டத் தொடங்கும் முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் குழப்பம் கூடும். கேஸ் சிலிண்டரை அவர் தனியாக இருக்கும்போது மூடி வையுங்கள். பெயர், விலாசம், உங்கள் போன் நம்பர் எழுதிய அட்டையைச் சேலை முந்தானையில் இல்லாமல் கழுத்துக் கயிற்றில் கோத்துப் போடுங்கள்.

காதை அவசியம் பரிசோதியுங்கள். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு வெளியிட்ட அறிக்கை 14 காரணங்களைச் சொல்லி, அவற்றைச் சரிசெய்தால் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. காது கேளாமை, சர்க்கரை, ரத்த அழுத்தம், தனிமை எல்லாம் அதில் வருகின்றன. காது கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்கிவிடுகிறார், மூளைக்கு வேலை குறைகிறது.

நீங்களும் ஒரு மனுஷிதான், நாள் முழுக்கத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. கணவரும் அவருடைய உடன்பிறந்தவர்களும் முறை வைத்துக்கொள்ளட்டும். முதியோருக்கான அரசு உதவி எண் 14567, அதில் ஆலோசனை கிடைக்கும். பரிசோதனைக்குப் போகும்போது எப்போது தொடங்கியது, எப்படிக் கூடியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் பாதி விட்டுப்போகும். சளி மாத்திரை அட்டையை முதலில் எடுத்துக் காட்டுங்கள். பி12 முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.